எண்ணி அளந்த ஒரு கிலோ

கல்லுக்குக் கல் எது?

மளிகைக் கடைத் தராசில் இருக்கும் எடைக்கல் உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று யாராவது கேட்டால், கடைக்காரர் அதன் மேலுள்ள அரசு முத்திரையைக் காட்டுவார். முத்திரையிட்ட அலுவலர் அந்தக் கல்லைத் தம் அலுவலகத்துக் கல்லோடு ஒப்பிட்டிருப்பார். அலுவலகத்துக் கல்லை அதைவிடத் துல்லியமான வேறொரு கல்லோடு மாநில ஆய்வகம் ஒப்பிட்டிருக்கும். அதற்கு மேல் வட்டார ஆய்வகம். அதற்கும் மேல் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே 57 என்ற எண் கொண்ட ஓர் உலோக உருளை இருக்கிறது. இந்தியாவின் கிலோகிராம் என்று நெடுங்காலம் குறிப்பிடப்பட்டது அதுதான்.

கேள்வி அங்கும் நிற்பதில்லை. 57ஆம் உருளை எதனோடு ஒப்பிடப்பட்டது? பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் இருக்கும் மூல உருளையோடு. மூல உருளை எதனோடு ஒப்பிடப்பட்டது? எதனோடும் இல்லை. 2019 மே 20 வரை கிலோகிராம் என்பதன் வரையறையே 'அந்த உருளையின் நிறை' என்பதுதான்.

இந்த வரிசையின் உச்சியில் இப்போது எந்தப் பொருளும் கிடையாது; மாறாத ஓர் எண் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணிலிருந்து தட்டில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு கிலோவை உண்டாக்குவதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மின்விசையால் எடையைச் சமன் செய்யும் கிபிள் தராசு. மற்றது, ஒரு சிலிக்கான் உருண்டையில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணிவிடுவது. இரண்டாவது வழி கேட்பதற்கு நம்ப முடியாததாக இருந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு படியும் பள்ளிக் கணக்கு தெரிந்தவருக்குப் புரியக்கூடியதே.

செவ்ரின் உருளை

மூல உருளை 1879இல் லண்டனில் வார்க்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிளாட்டினமும் பத்துப் பங்கு இரிடியமும் கலந்த உலோகம். உயரமும் விட்டமும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1889இல் முதல் பன்னாட்டு எடை அளவுப் பொது மாநாடு அதையே கிலோகிராம் என்று ஏற்றுக்கொண்டது. மூன்று சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் காப்பறைக்குள் அது வைக்கப்பட்டது. அதே உலோகத்தில், அதே வடிவில் செய்த படிகள் பல நாடுகளுக்கும் வழங்கப்பட்டன.

1940களிலும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் அந்தப் படிகளில் பலவற்றைச் செவ்ருக்கு வரவழைத்து மூலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு நூற்றாண்டில் படிகளுக்கும் மூலத்துக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு வளர்ந்திருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனவே 50 மைக்ரோகிராம் ஒரு கிலோவில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. கடை வியாபாரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் படிகள் கனத்தனவா, மூலம் மெலிந்ததா என்பதைச் சொல்ல எவராலும் முடியவில்லை. வரையறைப்படி மூலம் எப்போதும் சரியாக ஒரு கிலோ. உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் கனத்துவிட்டன என்று சொல்வதுதான் சட்டப்படி சரியாக இருந்திருக்கும்.

மாற்றத்துக்கான காரணத்தை எல்லோரும் உருளையின் மேற்பரப்பில்தான் தேடினார்கள். காற்றிலிருந்து நீராவியும் கரிமச் சேர்மங்களும் உலோகத்தின் மேல் மெல்லப் படிகின்றன. மென்தோலைச் சாராயத்திலும் ஈதரிலும் தோய்த்துத் துடைத்து, நீராவியால் கழுவுவது செவ்ரின் வழக்கம். கழுவிய பிறகு ஆண்டுக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் வீதம் மறுபடியும் ஏறுகிறது. எவ்வளவு ஏறியது, துடைக்கும்போது எவ்வளவு போயிற்று என்பதற்குச் சரியான கணக்கு எதுவும் இருந்ததில்லை. இந்த மேற்பரப்புச் சிக்கல் சிலிக்கான் உருண்டையையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பின்னால் காணலாம்.

எண்ணிக்கையின் வசதி

அணுவுக்குத் தேய்மானம் கிடையாது. சிலிக்கான்-28 அணு பெர்லினில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் அதன் நிறை ஒன்றே. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அதுவேதான். ஆகவே ஒரு கட்டியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையும் ஓர் அணுவின் நிறையும் தெரிந்துவிட்டால், கட்டியின் நிறை வெறும் பெருக்கல் கணக்கு.

தடையாக நிற்பது எண்ணிக்கையின் பருமன். ஒரு கிலோ சிலிக்கானில் இருக்கும் அணுக்களை நொடிக்கு ஒரு கோடி வீதம் எண்ணினாலும் முடிக்க ஏறக்குறைய 6,800 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இந்தத் தடையை நீக்குவது படிகம். படிகத்தில் அணுக்கள் முப்பரிமாணத்திலும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. திரும்ப வரும் மிகச் சிறிய கனசதுரத்துக்கு அலகுக்கூடு என்று பெயர். சிலிக்கானின் ஒவ்வோர் அலகுக்கூட்டிலும் எட்டு அணுக்கள் உண்டு. அலகுக்கூட்டின் கனஅளவும் கட்டியின் கனஅளவும் தெரிந்தால், முன்னதால் பின்னதை வகுத்து எட்டால் பெருக்கிவிடலாம். எந்த அணுவையும் தொட்டு எண்ண வேண்டிய தேவையே இல்லை.

ஏன் சிலிக்கான், ஏன் உருண்டை?

ஒழுங்கில் பிசகில்லாத படிகம் வேண்டும். அதுவும் ஒரு கிலோவுக்கு மேல் ஒரே துண்டாக வேண்டும். தங்கத்திலோ உப்பிலோ இது கைகூடாது. மின்னணுத் தொழிலின் தேவைக்காகப் பல பத்தாண்டுகளாகச் சிலிக்கானைத் தூய்மையாக்கி, அடுக்குப் பிசகு இல்லாமல் பெரிய படிகமாக வளர்க்கும் கலை மனிதர்களுக்கு வசப்பட்டிருந்தது. அளவியல் அந்த உழைப்பின் பலனை இலவசமாகப் பெற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

வடிவம் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. கனசதுரத்துக்கு விளிம்புகளும் முனைகளும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாமல் சிதையும். உருண்டைக்கு அவை இல்லை. மேலும், உருண்டையின் கனஅளவைக் கண்டுபிடிக்க விட்டம் ஒன்று போதும்.

இந்த உருண்டைகளை 'உலகிலேயே மிக உருண்டையான பொருள்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. பட்டம் பொய்யில்லை; ஆனால் கவனம் தவறான இடத்தில் விழுகிறது. உருண்டை கச்சிதமாக இருக்க வேண்டும் என்பது இலக்கே அல்ல. அது எந்தத் திசையில் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும். ஒரு திசையில் 50 நானோமீட்டர் புடைத்திருந்தாலும், புடைப்பை அளந்துவிட்டால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஒரே நிறையுள்ள அணுக்கள்

இயற்கையில் கிடைக்கும் சிலிக்கானில் மூன்று வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. சுமார் 92.2 விழுக்காடு சிலிக்கான்-28, 4.7 விழுக்காடு சிலிக்கான்-29, 3.1 விழுக்காடு சிலிக்கான்-30. வேதியியல் நடத்தை ஒன்று, நிறை வேறு, இவையே ஐசோடோப்புகள். கலவை இப்படி இருக்கும்போது 'ஓர் அணுவின் நிறை' என்று எதுவும் இல்லை. சராசரி மட்டுமே உண்டு. சராசரியைக் காண வேண்டுமானால் மூன்றின் விகிதங்களும் மிகத் துல்லியமாகத் தெரிய வேண்டும். 2000களின் தொடக்கத்தில் இயற்கைச் சிலிக்கான் உருண்டைகள் தந்த விடை, கிபிள் தராசு தந்த விடையிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகி நின்றது. நுண் அளவையியலில் அது பெரிய பிளவு. விகிதங்களை அளந்ததில் இருந்த பிழையே அதற்குக் காரணம் என்பது பின்னால் தெளிவானது.

தீர்வு செலவு மிகுந்ததாக இருந்தது: கலவையையே ஒழித்துவிடுவது. 2004இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம் ஒன்று, யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்காக உருவாக்கப்பட்ட சுழல் பிரிப்பு முறையைச் சிலிக்கானுக்குத் திருப்பியது. சிலிக்கானை வாயுச் சேர்மமாக்கி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரித்தெடுத்தார்கள்; நிஷ்னி நோவ்கரத் நகரில் தூய சிலிக்கானாக மாற்றினார்கள்; 2007இல் பெர்லினில் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். அதில் 99.995 விழுக்காடு சிலிக்கான்-28. படிகத்தின் இரு பகுதிகளிலிருந்து இரண்டு உருண்டைகளும், அவற்றுக்கு நடுவிலிருந்து அலகுக்கூட்டை அளப்பதற்கான துண்டும் வெட்டியெடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் ஒளியியல் பட்டறை உருண்டைகளுக்கு மெருகேற்றியது.

செறிவூட்டலின் பலன் கணக்கில் பளிச்சென்று தெரியும். இயற்கைச் சிலிக்கானில் கன அணுக்கள் சராசரி நிறையை ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்துகின்றன. சராசரி பத்துக் கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் வேண்டுமானால், அந்த உயர்வைச் சில லட்சத்தில் ஒரு பங்கு பிழைக்குள் அளந்தாக வேண்டும். அது ஏறக்குறைய இயலாத காரியம். செறிவூட்டிய சிலிக்கானில் அந்த உயர்வு பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. அதை அரை விழுக்காடு பிழையோடு அளந்தாலே அதே துல்லியம் கிடைத்துவிடும்.

அந்த அரை விழுக்காட்டையும் எட்டுவதற்கு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டார்கள். அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் சிலிக்கான்-28இன் குறிப்பு மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். எனவே அதைத் தொடாமல், சிலிக்கான்-29, 30 இரண்டையும் மட்டும் சிலிக்கானில் கரைந்திருக்கும் வேறொரு தனிமம் போலப் பாவித்தார்கள். மாதிரியில் தெரிந்த அளவு சிலிக்கான்-30ஐச் சேர்த்து, 29க்கும் 30க்கும் உள்ள விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தே முதலில் இருந்த அளவைக் கணித்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

இப்போது ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு அணுக்களை எண்ணிவிடலாம். விட்டம் 93.72 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செறிவூட்டிய உருண்டைகளின் உண்மையான அளவை ஒட்டியதுதான் இது.

விட்டத்தை மூன்று முறை பெருக்கி, பையால் பெருக்கி, ஆறால் வகுத்தால் உருண்டையின் கனஅளவு கிடைக்கும்: 431.02 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்குள் அடங்கும் கன நானோமீட்டர்கள், 1க்குப் பின்னால் 21 பூஜ்யங்கள். அதாவது உருண்டையின் கனஅளவு, 431.02ஐ அந்த எண்ணால் பெருக்கினால் வரும் அத்தனை கன நானோமீட்டர்கள்.

அலகுக்கூட்டின் பக்கம் 0.5431 நானோமீட்டர். அதன் கனஅளவு 0.1602 கன நானோமீட்டர். அதற்குள் எட்டு அணுக்கள். ஆகவே ஒரு கன நானோமீட்டருக்குள் 49.94 அணுக்கள்; கிட்டத்தட்ட ஐம்பது. இரண்டையும் பெருக்கினால், 21,525க்குப் பின்னால் 21 பூஜ்யங்கள். உருண்டையில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை அதுதான்.

ஒரு சிலிக்கான்-28 அணுவின் நிறை, 4.6457 கிராமை 1க்குப் பின்னால் 23 பூஜ்யங்கள் உள்ள எண்ணால் வகுத்தால் வருவது. அதை எண்ணிக்கையோடு பெருக்கினால் விடை சுமார் 999.99 கிராம்.

ஒரு தாளில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை. ஆனால் இந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? விட்டத்தை 93.72 என்று இரண்டு தசம இடங்களோடு நிறுத்தியிருக்கிறோம். விட்டம் 0.01 மில்லிமீட்டர் மாறினால் நிறை 0.32 கிராம் மாறும். விட்டத்தில் ஒரு மைக்ரோமீட்டர் பிழை 32 மில்லிகிராம் ஆகும். ஒரு நானோமீட்டர் பிழை 32 மைக்ரோகிராம். செவ்ரின் உருளை நூறாண்டில் காட்டிய மாற்றத்தைவிடச் சிறப்பாக எதையாவது செய்ய வேண்டுமானால், உள்ளங்கையை நிறைக்கும் ஒரு பந்தின் விட்டத்தை ஒரு நானோமீட்டருக்குள் அறிய வேண்டும். அதாவது இரண்டு அலகுக்கூடுகளின் அகலத்துக்கும் குறைவான பிழையோடு. கணக்கின் மற்ற ஒவ்வோர் எண்ணுக்கும் இதே கண்டிப்பு பொருந்தும்.

அணு வரிசைகளின் இடைவெளி

அலகுக்கூட்டின் பக்கத்தை 0.5431 என்று எழுதிவிடுவது எளிது. அதை ஒன்பது இலக்கத் துல்லியத்தில் அறிவதற்கான கருவி 1965இல் பிறந்தது. உல்ரிச் போன்ஸே, மைக்கேல் ஹார்ட் என்ற இருவர் ஒரே சிலிக்கான் படிகத்திலிருந்து மூன்று மெல்லிய தகடுகளை இணையாகச் செதுக்கினார்கள். முதல் தகடு எக்ஸ் கதிரை இரண்டாகப் பிரிக்கும். இரண்டாவது அவற்றைத் திருப்பும். மூன்றாவதில் அவை மீண்டும் சேரும். சேரும்போது அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியோ அழித்தோ பட்டைகளை உண்டாக்கும். இப்படி அலைகளை மோதவிட்டு அளக்கும் கருவி குறுக்கீட்டுமானி.

மூன்றாவது தகட்டைத் தனியே அறுத்து மெல்ல நகர்த்தினால், அது ஓர் அணுத் தளத்தின் இடைவெளி அளவுக்கு நகரும் ஒவ்வொரு முறையும் எக்ஸ் கதிரின் செறிவு ஒரு முறை ஏறி இறங்கும். இரண்டு மடிப்பாகத் தொங்கும் கொசுவலையில் ஒரு மடிப்பு லேசாக அசைந்தாலும், கண்ணுக்குத் தெரியாத நூல் இடைவெளிகள் அகன்ற பட்டைகளாக ஓடுவது போன்றதே இது. அதே நகர்வை ஒரு லேசர் குறுக்கீட்டுமானியும் சேர்ந்தே அளக்கும். சிவப்பு லேசரின் அரை அலைநீளமான 316 நானோமீட்டருக்குள் எக்ஸ் கதிர் சுமார் 1,648 முறை ஏறி இறங்குகிறது. லேசரின் அலைநீளம் தெரியும். எனவே அணுத் தளங்களின் இடைவெளியும் தெரிந்துவிடுகிறது. அது 0.192 நானோமீட்டர். அதிலிருந்து அலகுக்கூட்டின் பக்கம் வடிவியலால் கிடைக்கும்.

இத்தாலியின் டூரின் நகரில் உள்ள அளவியல் நிறுவனம் இந்த நகர்வை ஐந்து சென்டிமீட்டர் வரை நீட்டித்தது. அந்தத் தூரத்துக்குள் 26 கோடி ஏற்ற இறக்கங்கள் அடங்கும். ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. இடைவெளியின் தோராய மதிப்பு முன்பே தெரியும் என்பதால், நகர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். தகடு நகரும்போது சிறிதும் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான கஷ்டம். 2011 வாக்கில் இந்த இடைவெளியின் அளவை ஐயம், அதாவது விடையைச் சுற்றி விட்டுவைக்க வேண்டிய பிழைக்கான இடம், நூறு கோடியில் நான்கு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

விட்டத்தை அளப்பது

விட்டத்தை அளக்கவும் குறுக்கீட்டுமானிதான். ஆனால் கண்ணால் காணும் ஒளியில். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கட்டப்பட்ட கருவியில், எதிரெதிராக நிற்கும் இரண்டு ஒளிவில்லைத் தொகுதிகளுக்கு நடுவில் உருண்டை வைக்கப்படுகிறது. வில்லைகளின் கடைசிப் பரப்புகள் உருண்டையின் வளைவுக்கு இசைவாகக் குழிந்தவை. இடப்புற இடைவெளியும் வலப்புற இடைவெளியும் அளக்கப்படும். பிறகு உருண்டையை அகற்றிவிட்டு, இரு குழிப் பரப்புகளுக்கு இடையே உள்ள முழுத் தூரமும் அளக்கப்படும். முழுத் தூரத்திலிருந்து இரு இடைவெளிகளையும் கழித்தால் எஞ்சுவது விட்டம். ஒளி கோள அலையாகப் பாய்வதால் ஒரே பார்வையில் பத்தாயிரம் அளவிலான விட்டங்கள் பதிவாகிவிடும். உருண்டையைத் திருப்பித் திருப்பி வைத்து முழுப் பரப்பும் எடுக்கப்படும். ஜப்பானின் ட்சுகுபா நகரில் உள்ள கருவி வேறு வகை. அங்கே தட்டைக் கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே உருண்டை அமர்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டுமே அளக்கப்படுகிறது. வடிவமைப்பில் எந்த உறவும் இல்லாத இரண்டு கருவிகள் ஒரே விடையைத் தந்தது, இரண்டும் ஒரே தவறைச் செய்யவில்லை என்று நம்புவதற்கு இடம் தந்தது.

விட்டங்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் பெரிதுபடுத்தி வரைந்தால் ஒரு விநோதம் புலப்படும். பிசகுகள் கண்டபடி சிதறியிருப்பதில்லை. படிகத்தின் சமச்சீரை ஒட்டிய மேடு பள்ளங்களாக அமைகின்றன. சிலிக்கான் எல்லாத் திசையிலும் ஒரே கடினம் உடையது அல்ல. மெருகேற்றும்போது சில திசைகளில் கூடுதலாகவும் சில திசைகளில் குறைவாகவும் தேய்கிறது. எத்தனை கவனமாக மெருகேற்றினாலும் உள்ளே இருக்கும் அணு அடுக்கு வெளியே தன் சாயலைக் காட்டிவிடுகிறது.

வெப்பநிலையும் சும்மா இருப்பதில்லை. உருண்டை ஆயிரத்தில் ஒரு டிகிரி சூடேறினால் அதன் விட்டம் கால் நானோமீட்டர் பெருகும். ஆகையால் அளவெல்லாம் சரியாக 20 டிகிரி செல்சியஸுக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. கருவியைச் சுற்றி நீர் ஓடும் சுவர்கள் வைத்து, டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பம் கட்டுப்படுத்தப்படுகிறது. அலகுக்கூட்டை அளந்ததும் அதே 20 டிகிரிக்கு உரியதாக இருந்தால்தான் வகுத்தல் கணக்கு செல்லும்.

காற்றில் தொலையும் அரை கிராம்

அணுக்களை எண்ணும் முயற்சி தொடங்கிய காலத்தில் கிலோகிராம் இன்னும் செவ்ரின் உருளைதான். ஆகவே உருண்டையைப் பிளாட்டினக் கல்லோடு எடை போட்டுப் பார்த்தாக வேண்டும். இரண்டும் ஒரு கிலோ. ஆனால் பிளாட்டினக் கல் சுமார் 46 கன சென்டிமீட்டர், சிலிக்கான் உருண்டை 431. தண்ணீரைப் போலவே காற்றும் தன்னுள் இருக்கும் பொருளை மேலே தூக்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். கனஅளவு வேறுபாடு 385 கன சென்டிமீட்டர் என்பதால், காற்றில் நிறுத்தால் உருண்டை 460 மில்லிகிராம் இலேசாகத் தோன்றும். தேடுவதோ சில மைக்ரோகிராம். காற்றின் அடர்த்தி அழுத்தத்தோடும் ஈரத்தோடும் மாறிக்கொண்டே இருப்பதால், திருத்தம் செய்து தப்பிப்பது கடினம். எனவே காற்றை வெளியேற்றி வெற்றிடத்தில் நிறுக்கிறார்கள்.

வெற்றிடம் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவருகிறது. காற்றில் இருக்கும்போது எல்லாப் பொருள்களின் மேலும் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். வெற்றிடத்தில் அதன் ஒரு பகுதி ஆவியாகிவிடும். காற்றிலிருந்து வெற்றிடத்துக்குப் போகும்போது எடைக்கல்லே மாறுகிறது என்றுதான் பொருள். இந்த மாற்றத்தைப் பிடிக்க ஒரே கனஅளவும் வெவ்வேறு மேற்பரப்பும் கொண்ட இணைக் கற்களைச் செய்து, இரு சூழல்களிலும் நிறுத்து வேறுபாட்டைக் கண்டார்கள். மொத்தத்தில் நிறுத்தல் வேலைதான் இந்தத் திட்டத்தில் மிகக் குறைவான ஐயம் கொண்ட படிகளில் ஒன்றாக முடிந்தது. மனிதர்கள் தராசைப் பல ஆயிரம் ஆண்டுகளாகச் செப்பனிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அனுபவம் இங்கே பேசுகிறது.

உருண்டையின் தோல்

சிலிக்கான் காற்றைக் கண்டவுடன் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சிலிக்கான் டைஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஒழுங்கான அடுக்குக்கு இந்தப் படலத்தில் இடமில்லை. எட்டு அணுக் கணக்கு படிகத்துக்கு மட்டுமே செல்லும், படலத்துக்குச் செல்லாது. ஆனால் தராசு படலத்தையும் சேர்த்தே நிறுக்கிறது. ஒளியும் அதன் வழியாகவே போய் வருவதால், விட்டத்தையும் அது சிறிது பிறழ்த்துகிறது.

உருண்டையின் மேற்பரப்பு சுமார் 276 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் ஒரு நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு இருந்தாலே, அதன் நிறை 60 மைக்ரோகிராம். செவ்ரின் உருளை நூறாண்டில் காட்டியதாகச் சொல்லப்படும் மாற்றத்தைவிட இது அதிகம்.

2011இல் வெளியான முதல் விடையின்போது இரண்டு உருண்டைகளின் மேலும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மெருகேற்றும்போது செம்பும் நிக்கலும் மிகச் சிறிதளவு சிலிக்கானோடு கலந்து மேற்பரப்பில் தங்கிவிட்டிருந்தன. ஆக்சைடு, ஒட்டிய நீர், உலோகக் கறை எல்லாம் சேர்ந்த தோலின் நிறை சுமார் 200 மைக்ரோகிராம். அவ்வளவும் அளந்து கழிக்கப்பட்டது. ஆனால் கழித்த அளவிலேயே ஐயம் மிச்சம் இருந்தது. பின்னர் அந்த உருண்டைகளை வேதிப்பொருளால் அரித்துக் கறையை நீக்கி, ஜெர்மனியில் மறுபடி மெருகேற்றினார்கள். பல ஆண்டு உழைப்பில் உருவான பரப்பை மனமறிந்து அழித்துவிட்டு மறுபடி தொடங்க நெஞ்சுரம் வேண்டும். உலோகம் போனது. ஆக்சைடு மட்டும் எஞ்சியது. காற்று இருக்கும்வரை அது போகாது.

தோலை அளப்பதற்கு எக்ஸ் கதிர்களும் ஒளியும் வெவ்வேறு விதமாகப் பயன்படுகின்றன. எக்ஸ் கதிர் பட்டவுடன் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரையும் எலெக்ட்ரான்களையும் வெளிவிடும். அவற்றைக் கொண்டு ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் எவ்வளவு என்று கணிக்கலாம். சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்பது, படலத்தின் கனம் உருண்டையின் மேல் எங்கெங்கே எவ்வளவு என்பதைக் காட்டும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் விடை ஏற்கப்படும். தொடக்க முடிவுகளில் மொத்த ஐயத்தின் பெரும்பங்கு கனஅளவிலிருந்தும், அடுத்த பெரும்பங்கு மேற்பரப்பிலிருந்தும் வந்தது. எண்ண முடியாதவை என்று தோன்றிய உள் அணுக்கள் குறைவான தொல்லையே தந்தன; தோலில் இருந்த சொற்ப அணுக்கள்தான் அலைக்கழித்தன.

உள்ளேயும் முழு நிறைவு இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில இடங்களில் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். சில இடங்களில் கார்பனோ ஆக்சிஜனோ குடியிருக்கும். பல கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இவை. அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு கார்பனையும் ஆக்சிஜனையும் அளந்துவிடலாம். மொத்தத் திருத்தம் மைக்ரோகிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது.

எண் முதலில், பொருள் பிறகு

2011இல் வெளியான முடிவு, ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணை 602214078க்குப் பின்னால் 15 பூஜ்யங்கள் என்று தந்தது. பத்துக் கோடியில் மூன்று பங்கு ஐயத்தோடு. அணுவின் நிறைக்கும், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிக்கும் உள்ள விகிதம், ஹைட்ரஜன் அணு வெளியிடும் ஒளியை ஆராய்ந்தும் எலெக்ட்ரானின் நிறையை அணுவின் நிறையோடு ஒப்பிட்டும் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ஐயத்தோடு தெரியும். ஆகவே உருண்டை தரும் எண்ணிலிருந்து பிளாங்க் மாறிலியைக் கணிக்கலாம். அதே மாறிலியை முற்றிலும் வேறு வழியில் தருவதுதான் கிபிள் தராசு. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கிபிள் 1975இல் முன்வைத்த கருவி அது. மின்சுருளில் பாயும் மின்சாரத்தால் எடையைத் தூக்கி, இயந்திரத் திறனை மின்திறனோடு ஒப்பிடுகிறது.

வரையறையை மாற்றுவதற்குப் பன்னாட்டு அளவியல் குழு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. குறைந்தது மூன்று தனித்தனிச் சோதனைகள் ஐந்து கோடியில் இரண்டரைப் பங்குக்கு மிகாத ஐயத்தோடு ஒத்துப்போக வேண்டும். அவற்றில் ஒன்றாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு என்ற வரம்புக்குள் வர வேண்டும். 2017க்குள் கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் கிபிள் தராசுகளும் சிலிக்கான் உருண்டைகளும் சேர்ந்து அதை நிறைவேற்றின. 2018 நவம்பர் 16இல் வெர்சாய் நகரில் கூடிய பொது மாநாடு பிளாங்க் மாறிலிக்கு ஒரு மாறாத எண்ணை வழங்கியது; எடைக்கற்களின் வரிசையில் இப்போது உச்சியில் இருக்கும் எண் அதுதான். தசமப் புள்ளிக்குப் பின் 33 பூஜ்யங்களும், அடுத்து 662607015 என்ற இலக்கங்களும். அவகாட்ரோ எண்ணும் 602214076க்குப் பின்னால் 15 பூஜ்யங்கள் என்று நிலைநிறுத்தப்பட்டது. புதிய வரையறை 2019 மே 20இல் நடைமுறைக்கு வந்தது.

அன்றோடு உருண்டையின் வேலை திசை மாறியது. அதற்கு முன் கிலோகிராமை வைத்து அணுக்களை எண்ணி மாறிலியைக் கண்டார்கள். இப்போது மாறிலி தந்திருக்கும் அணுவின் நிறையை எண்ணிக்கையால் பெருக்கி, கிலோகிராமைக் காண்கிறார்கள். அளவீடுகள் எல்லாம் அவையே. விடையாக இருந்தது தரவாகவும், தரவாக இருந்தது விடையாகவும் இடம் மாறிக்கொண்டன. செவ்ரின் உருளையும் மற்றக் கற்களைப் போல நிறையை அளந்து அறிய வேண்டிய ஒரு பொருளாகிவிட்டது.

இரண்டு வழிகளும் இன்னும் முழுக்க ஒத்துப்போகவில்லை. வெவ்வேறு நாடுகளின் கிபிள் தராசுகளும் உருண்டைகளும் தரும் கிலோகிராம்களை ஒப்பிட்டால், சில பத்து மைக்ரோகிராம் சிதறல் தெரிகிறது. ஒவ்வொரு நாடும் தன் விடையையே பின்பற்றினால் பழைய குழப்பம் புது வடிவில் திரும்பும். அதனால் தற்காலிக ஏற்பாடாக எல்லா விடைகளையும் சேர்த்து ஓர் இணக்க மதிப்பு கணிக்கப்படுகிறது; நாடுகள் தம் எடைக்கற்களை அதன்படியே சீர்செய்கின்றன. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முதல் இணக்க மதிப்பின்படி, செவ்ரின் உருளை ஒரு கிலோவைவிட 2 மைக்ரோகிராம் குறைவு. 2023 மார்ச்சில் வந்த அடுத்த மதிப்பின்படி 7 மைக்ரோகிராம் குறைவு. இரண்டிலும் ஐயம் 20 மைக்ரோகிராம்.

உருண்டை வைத்திருக்கும் ஆய்வகங்களில் பராமரிப்பும் புதிய முறைக்கு மாறியிருக்கிறது. படிகத்தின் அலகுக்கூடும் ஐசோடோப்பு விகிதமும் மாறுவதில்லை என்பதால் அவற்றை ஒரு முறை அளந்தது போதும். உருண்டையைக் கழுவும் ஒவ்வொரு முறையும் தோலை மட்டும் புதிதாக அளந்து, அதன் நிறையை மீண்டும் கணக்கில் சேர்க்கிறார்கள். செறிவூட்டிய உருண்டைகள் உலகில் சிலவே உள்ளன. அவற்றின் விலையும் மிக அதிகம். அதனால் இயற்கைச் சிலிக்கானில் செய்த உருண்டைகளை அவற்றோடு ஒப்பிட்டு நிறை அறிந்து, நாட்டுத் தரங்களாகவும் தொழிற்சாலை அளவைகளுக்கான தரங்களாகவும் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்துவருகிறது.